முடிஞ்சுதுக்காரர்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வேலை முடியும் முன்பே 'முடிஞ்சுது' என்று அறிவிப்பதற்கென்றே பிறப்பெடுத்தவர். முடிஞ்சுதுக்காரர் என்று வைத்துக்கொள்வோமே! பந்தியில் பாயசம் வரும் முன்னே இலையை மடிப்பார். திருவந்திபுரத்தில் மொட்டைக்கு உட்கார்ந்தால் பாதித் தலையிலேயே எழுந்து, மிச்ச முடியோடு சாமி கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். கேட்டால், "பெருமாளுக்குத் தெரியும்யா!" என்பார்.

கடலூரில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில்லில் மேஸ்திரியாக இருந்த கொளஞ்சியப்பன் இந்த இனத்துக்கே ராஜா. வருஷத்துக்கு ஒருமுறை பாய்லரை ஆறப்போட்டு, ஆள் ஊர்ந்து போகிற துவாரத்தின் வழியே நாலைந்து பேர் உள்ளே நுழைந்து, படிந்துபோன உப்புப் பொருக்கைச் சுத்தியால் தட்டி உதிர்ப்பார்கள். நுழைகிறவன் துண்டை வெளியே ஆணியில் மாட்ட வேண்டும், வந்த பிறகே எடுக்க வேண்டும். ஆணியில் துண்டு தொங்கினால் உள்ளே ஆள் உண்டு. இந்தச் சட்டத்தைப் போட்டவர் யார்? சாட்சாத் கொளஞ்சியப்பனேதான்!

அன்றைக்குச் சிதம்பரத்தில் மச்சான் வீட்டு நிச்சயதார்த்தம். "லேட்டா வந்தீங்க, எங்கண்ணன் மூஞ்சியில நான் முழிக்க முடியாது" என்று மனைவி தில்லையம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டு முன்னால் போயிருந்தாள். மனுஷருக்குக் காலில் வெந்நீர் கொட்டின மாதிரிதான். பாய்லரை மூடிக் கற்பூரம் காட்டினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஆனால் கற்பூரத் தட்டு சுடுமே? ஆணியில் கிடந்த துண்டை உருவிக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு ஆணியைப் பார்த்தார். காலி!

"எல்லாரும் வந்தாச்சு. மூடு! முடிஞ்சுது!"

மற்றவர்கள் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். சுப்புராயன் மூடியைப் பொருத்தி போல்ட்டை முறுக்கிவிட்டு, கணகணவென்று மணியடிக்க ஆரம்பித்தான். ஃபயர்மேன் ரஹ்மத்துல்லா மல்லாட்டைத் தொலியை அடுப்பில் தள்ளித் தீக்குச்சியை எடுத்தார். மேஸ்திரி கற்பூரத்தைக் காட்டி முடித்து, வியர்வையை அந்தத் துண்டாலேயே அழுத்தித் துடைத்தார்.

அச்சூ!

மூக்குப்பொடி! முதல் தும்மலில் அவருக்குக் கோபம் வந்தது. அடுத்ததில் சந்தேகம் வந்தது. அதற்கடுத்ததில் துண்டு யாருடையது என்று விளங்கிவிட்டது. அந்த மில்லில் பொடி போடுகிறவன் பக்கிரி ஒருத்தன்தான். 'உள்ளே ஆள்!' என்று கத்த வாயைத் திறந்தால் அச்சூ, மறுபடி திறந்தால் அச்சூ. வாழ்நாளெல்லாம் முந்திக்கொண்டு பேசிய வாய்க்கு அன்றைக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

"பாய், நெருப்பு வெக்காதீங்க! நல்ல காரியத்துல தும்முறாரு, ஆவாது!" என்று சுப்புராயன் மணியை நிறுத்தினான்.

"அல்லாவே, எத்தினி தும்மலு!" ரஹ்மத்துல்லா குச்சியை ஊதி அணைத்தார்.

மணி ஓய்ந்ததும் பாய்லருக்குள்ளிருந்து கேட்டது: டொக், டொக், டொக்.

அப்புறம் என்ன! மூடி திறந்தது. சுப்புராயன் துண்டைக்கூட மாட்டாமல் தலைகீழாகப் பாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடி பூசிய தலையொன்று எட்டிப் பார்த்தது. கொளஞ்சியப்பன் அவனைக் கட்டிக்கொண்டு, "எப்பா பக்கிரி, என் வயித்துல பால வார்த்தடா!" என்று தும்மித் தும்மி அழுதார்.

"மொதல்ல என் துண்டக் குடுங்க மேஸ்திரி" என்றான் பக்கிரி.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. மேஸ்திரி கண்ணைத் துடைத்தார், ஆணியைப் பார்த்தார். காலி!

"சரி, ஆணியில துண்டு இல்ல. மூடு! முடிஞ்சுது!"

நீங்களும் சிரித்துக்கொண்டே, 'அட, ஆள் தப்பிச்சுட்டான், கதை முடிஞ்சுது' என்று புத்தகத்தை மூடப் போனீர்கள்தானே? கொஞ்சம் பொறுங்கள். சுப்புராயன் வெளியே வந்தானா?