மச்சான் கையில் கயிறு

எனக்குத் தெரிந்த சரித்திரம் முழுக்கக் காலில் சலங்கை கட்டிக்கொண்டுதான் வந்தது. பள்ளிக்கூடத்துச் சரித்திரம் என்னிடம் தங்கவில்லை. எட்டாம் வகுப்புப் பரீட்சையில் ஏதோ ஒரு போர் நடந்த வருஷத்தைத் தப்பாக எழுதிவிட்டு, அதனால் செத்துப்போன சிப்பாய்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூங்காமல் கிடந்தேன். (செத்தவனுக்கு இனிமேல் என்னல ஆகும் என்று அப்பா கேட்டார். நியாயம்தான். எனக்கு அது தோன்றவில்லை.) அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, பழைய துறைமுகத்துப் பக்கம் தோணிகளுக்குக் கயிறும் பாய்த்துணியும் விற்கும் அண்ணாச்சி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

எழுபதுகளில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அங்கே எஞ்சினியராக வந்தவரின் மனைவி வசந்தா டீச்சர், மில்லர்புரத்தில் குடியிருந்து பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுத்தார். எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு, முத்துக் குளித்த இந்தக் கடற்கரையின் கதையை நாட்டிய நாடகமாகப் போடுவதாகப் பங்குச் சாமியாரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். பாண்டிய ராஜாவில் தொடங்கி போர்ச்சுக்கீசியக் கப்பல் வரை எல்லாம் உண்டு. அதற்குக் கயிறு வாங்கத்தான் கடைக்கு வந்தார். கயிற்றை அளக்கும்போதே எனக்கு யோசனை. இது எதற்கோ? அறுந்துவிடுமோ? அறுந்தால் யார் தலையில் விடியும்? டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறோட இந்தப் பையனையும் கொஞ்ச நாளைக்கு அனுப்புங்க அண்ணாச்சி," என்றார். "படகுல உக்காந்து கயிறு பிடிக்கணும். ஆடவே வேண்டாம். கடலைப் பாத்துக் கவலைப்பட்டாப் போதும்."

வாழ்க்கையில் எனக்குத் தகுதியுள்ள ஒரே உத்தியோகம் என்னைத் தேடி வந்தது.

சாயங்காலம்தோறும் ஒத்திகை. அங்கேதான் நான் சரித்திரம் படித்தேன். போர்ச்சுக்கீசியக் கேப்டனாக ஆடிய தையல்காரர் மேடையில் மிடுக்காக நடந்து வந்தார். டீச்சர் நிறுத்தினார். "மாசக்கணக்காக் கப்பல்ல வந்தவன் நீ. தரை ஆடுது. அப்படி நட." தையல்காரர் கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடி வந்தார். அதுவரை இந்த மாதிரி ஆட்களெல்லாம் பாடப்புத்தகத்திலேயே பிறந்து பாடப்புத்தகத்திலேயே செத்தவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்களும் வாந்தி எடுத்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ராஜா வலப்பக்கம் வந்து, முத்தை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் போவார். கேப்டனும் அதே மாதிரி வந்து, அதே மாதிரி போவார். நடுவில், பெஞ்சைப் போட்டுச் செய்த படகு மட்டும் அப்படியே கிடக்கும், அதில் நானும் கிடப்பேன். உலகத்தைப் பற்றி எனக்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டானது அந்தப் பெஞ்சுப் படகில் உட்கார்ந்துதான்.

இதில் ஒரு சிக்கல். முத்துக் குளிப்பவராக ஆடியது வின்சென்ட். கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை, நல்ல தேகம், நல்ல மூச்சு. அவரைத்தான் என் அக்கா செலினுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டார் வந்து பெண் பார்த்துவிட்டு, திருவிழா முடியட்டும், சொல்லுதோம் என்று போயிருந்தார்கள். அக்காவுக்கோ பதில் வரும் வரை பொறுமை இல்லை. அவர் சைக்கிள் எங்கள் தெருவில் வரும்போதெல்லாம் வாசல் மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றியதில், அந்தச் செடியே அழுகிப்போனது.

"ஏலே ராயப்பா, மாப்பிள்ளை முன்னால ஏதும் ஏடாகூடமாச் செஞ்சிராத," என்றாள் அம்மா. "ஒன் கவலைய வீட்டுல வச்சிட்டுப் போ."

"கவலைப்படத்தாம்மா என்னைய எடுத்திருக்காங்க," என்றேன்.

ஒருநாள் டீச்சர், கடலில் இறங்குமுன் குளிப்பவன் கயிறு பிடிப்பவனை ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்றார். என்ன பார்வை, கோபமா, பயமா என்று வின்சென்டைக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, அந்தக் காலத்தில் மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று சொன்னார். கூடப்பிறந்தவன்கூடச் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை விட்டாலும் விடுவான். பெண்டாட்டியோடு பிறந்தவன் விடமாட்டான்.

"அக்கா தாலில்லா அவன் கையில இருக்கு," என்று முடித்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து கயிற்றைத் தொட்டாலே, இன்னும் கட்டாத தாலி கையில் கனத்தது.

திருவிழா அன்று மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் சாமியார், துறைமுக அதிகாரிகள், வின்சென்டின் அப்பா அம்மா. பின்னால் என் வீட்டார். திரை விலகுமுன் வின்சென்ட் என் காதில், "இன்னைக்கு நெசமாவே மூச்ச அடக்கித்தாம்ல ஆடப்போறேன்," என்றார். இதை என்னிடம் சொல்லலாமா?

நான்கு பெண்கள் நீலச் சேலைகளைப் பிடித்து அலையாக்கினார்கள். வின்சென்ட் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடுப்பில் கயிற்றோடு அலைக்குள் இறங்கினார். கடலடியில் சிப்பி பொறுக்கும் ஆட்டம். அது முடிந்ததும் அவர் கயிற்றைச் சுண்டிச் சைகை காட்ட வேண்டும், நான் இழுக்க வேண்டும். ஆனால் கூட்டம் கைதட்டியதில் மிருதங்கக்காரருக்கு உற்சாகம் வந்து, அதே ஜதியை மறுபடி தொடங்கிவிட்டார். வின்சென்டும் விடாமல் ஆடினார். கன்னம் உப்பியது. அந்த நேரம் பார்த்து, கடல் மாதிரி இருக்கட்டும் என்று லைட்காரர் நீல விளக்கைப் போட்டார்.

நான் பார்த்தேன். மாப்பிள்ளையின் முகம் நீலமாக இருந்தது.

இழுத்தேன்.

அது எங்கள் கடைக் கயிறு. தோணியைக் கட்டி நிறுத்துகிற கயிறு. ஒற்றைக்காலில் நின்று முத்தை ஏந்திக்கொண்டிருந்த வின்சென்ட், அப்படியே பின்பக்கமாகப் பறந்து வந்தார். அலைகள் அலறிக்கொண்டு ஓடின. அடுத்த காட்சிக்கு ஓரத்தில் நின்ற கேப்டன் கயிற்றில் மாட்டி, ராஜாவின் சிம்மாசனத்தோடு சாய்ந்தார். நூற்றாண்டுக் கணக்கில் தள்ளித் தள்ளி வாழ்ந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். நான் நிறுத்தவில்லை. ஆள் படகுக்குள் வரும் வரை இழுக்க வேண்டும் என்பதுதானே பாடம். வந்து விழுந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மூச்சு விடு மச்சான், மூச்சு விடு," என்று அழுதேன். படகுக்கு மேலேதான் மைக் தொங்கியது.

பதிலே வராத சம்பந்தத்தில், ஊர் மொத்தமும் கேட்க நான் அவரை மச்சானாக்கிவிட்டேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். என் ராசியால் அவள் வாழ்க்கையும் போயிற்று என்று மேடைக்குப் பின்னால் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தேன். வின்சென்டின் அப்பா வந்து நின்றார். அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர். ஒரு காது கேட்காது.

"அவன் கயித்தச் சுண்டலியே. ஏம்ல இழுத்த?"

"மொகம் நீலமா இருந்திச்சு," என்றேன்.

அவர் கேட்கிற காதைத் திருப்பினார். இன்னொரு தடவை சொன்னேன்.

"எனக்குக் கயிறு பிடிச்சவன் சுண்டுன பொறவுதான் இழுப்பான்," என்றார். "ஒருநாள் அடியில கெடந்து என்னால சுண்ட முடியல. அன்னைக்குப் போனதுதான் இந்தக் காது." பிறகு, அலைச் சேலைகளில் சிக்கிய சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த தன் மனைவியிடம், "ஏளா, இவன் சுண்டாமலே இழுக்கான். இந்த வீட்டுலயே பொண்ணு எடுப்போம்," என்றார்.

அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. வசந்தா டீச்சர் வந்திருந்தார். (அதற்குப் பிறகு அவர் போட்ட எந்த நாடகத்திலும் கயிறு கிடையாது.) இன்றைக்கும் பத்திரிகையில் எந்தப் பெரிய மனிதர் படத்தைப் பார்த்தாலும், இவருக்குக் கயிறு பிடித்தவன் எங்கே நிற்கிறான் என்றுதான் தேடுவேன். பெரும்பாலும் படத்தில் இருக்க மாட்டான்.

என் அக்கா கல்யாணப் படத்தில் இருக்கிறான். மாப்பிள்ளைக்குப் பின்னால், கவலையான முகத்தோடு. ஆல்பத்தைப் பார்க்கிற ஒவ்வொருவரும், மாப்பிள்ளை ஏன் கொஞ்சம் பின்னால் சாய்ந்தே நிற்கிறார் என்று கேட்பார்கள். "அது ஒண்ணுமில்ல," என்பாள் அக்கா. "பின்னால எந்தம்பி இவரு கோட்டு நுனியப் பிடிச்சுக்கிட்டு நிக்கான்."