பிரேக் மாஸ்டரும் தலைகீழ் நகரமும்

"இனிமே இந்த வீட்ல பிரேக்குங்கற பேச்சுக்கே இடமில்லை!"

பிரேக் மாஸ்டர் இப்படி முழங்கியபோது அவர் மனைவி அடுப்படியில் ஒரு கையால் வெங்காயம் வதக்கிக்கொண்டு, இன்னொரு கையால் வெள்ளைத் துணியை எண்ணெய் தெறிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. பிரேக் காலி பண்ணின இடத்துல என் தையல் மெஷினைப் போட்டுக்கறேன்" என்றாள்.

மாஸ்டருக்கு முகம் தொங்கிப்போயிற்று. பாவம், அவர் கதையையும் கொஞ்சம் கேட்க வேண்டும். அவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அந்த ஸ்கூல் காரில் கத்துக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், பக்கத்தில் உட்காரும் வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். இந்த இரண்டாவது பிரேக்கின் மேல்தான் மாஸ்டரின் இடது கால் குடித்தனம் நடத்தி வந்தது. கத்துக்கொள்கிறவர் "ஐயோ" என்று வாயைத் திறப்பதற்குள் வண்டி நின்றிருக்கும். அவர் காலால் உயிர் பிழைத்த விளக்குக் கம்பங்கள் ஊரில் ஏராளம். அதனால்தான் ஊரே அவரை பிரேக் மாஸ்டர் என்று கூப்பிட்டது. ஆனால் மனிதர் ஒரு நாளாவது வேகமாகப் போனதுண்டா? பால்காரர் சைக்கிள் அவரை முந்திக்கொண்டு போகும்போது மணியடித்துவிட்டுப் போகும்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் மச்சினன் வடிவத்தில் வேகம் வந்து சேர்ந்தது. டி.வி. ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் மச்சினன் ஒரு வீடியோ கேமைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். ஐந்நூறு வருஷத்துக்கு அப்புறம் நடக்கிற கார் பந்தயமாம். சக்கரமே கிடையாது. வண்டி தரையைத் தொடாமல் மிதக்கும். டிராக் என்றால் சாதாரண டிராக்கா? ஒன்று கடலுக்கடியில் கண்ணாடிக் குழாய்க்குள் போகும். ஒன்று சனி கிரகத்தின் வளையத்தின் மேல் சுற்றும். மூன்றாவதுக்குப் பெயர் தலைகீழ் நகரம். அங்கே கட்டடங்கள் வானத்திலிருந்து கீழே தொங்கும், பாதையும் கூடவே தொங்கும், நாம் கவிழ்ந்தபடி பறக்க வேண்டும். மாஸ்டர் பின்கட்டு அறையில் பழைய கார் சீட் ஒன்றைப் போட்டு, ஸ்டியரிங்கும் பெடலும் பொருத்தி, சாயங்காலம் ஆனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து "ஹேய்!" "பற!" என்று சத்தம் வரும். அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை. பிரேக்குக்கே இடமில்லை என்று அவர் முழங்கியதும் இந்த வேகம் தலைக்கேறித்தான்.

சங்கடம் என்னவென்றால், அந்த அறை மேல் அவர் மனைவிக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். அவள் தையல்காரி. மெஷின் அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் நெரிபட்டுக் கிடந்தது. இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரிக்காரர்கள் வெள்ளைக் கோட்டு தைக்கச் சொல்லி ஆர்டர் கொடுத்திருந்தார்கள். முதல் கோட்டின் பாக்கெட்டிலேயே எண்ணெய்ச் சொட்டு விழுந்துவிட்டது. இன்னொன்றும் அப்படிப் போனால் ஆர்டரே போய்விடும்.

"ஏங்க, அந்த அறையை எனக்குக் கொடுங்களேன்."

"அது வெறும் அறையாம்மா? சனி கிரகம்!"

"எனக்கும் சனி அங்கதான் உட்கார்ந்திருக்கு."

"ஹால்ல போட்டுக்கோயேன் மெஷினை."

"வர்றவங்க கோட்டு மேல உட்காருவாங்களா, சோபா மேலயா?"

மாஸ்டருக்குப் பதில் தோன்றவில்லை. பதில் தோன்றாத ஆண்கள் செய்யும் காரியத்தையே அவரும் செய்தார். சவால் விட்டார்.

"சரி, என்னோட பந்தயம் ஓட்டு. நீ ஜெயிச்சா அறை உனக்கு. நான் ஜெயிச்சா அந்த அறையைப் பத்தி மூச்சு விடக் கூடாது."

"எனக்கு இந்த கேமெல்லாம் எங்கங்க தெரியும்?" என்றாள் அவள், ரொம்ப அப்பாவியாக. அந்த அப்பாவித்தனத்தைப் பார்த்தாவது மாஸ்டர் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் மனிதருக்கு அது பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தயம். மச்சினன்தான் நடுவர். டிராக், தலைகீழ் நகரம். டி.வி. திரை இரண்டாகப் பிரிந்தது, இடது பாதியில் அவர் வண்டி, வலது பாதியில் அவள் வண்டி. அவர் கார் சீட்டில் பெடல் மேல் கால் வைத்து ராஜா மாதிரி உட்கார்ந்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கையடக்க கண்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. மாஸ்டர் பறந்தார்! கவிழ்ந்தபடி ஒரு பாலம், கவிழ்ந்தபடி ஒரு கோபுரம், சாய்ந்து ஒரு வளைவு. கடைசி நேர்ப்பாதை வந்துவிட்டது. அவள் எங்கேயோ பின்னால்.

"ஐயோ!" என்று அலறினாள் அவள்.

மாஸ்டரின் இடது கால் தானாகப் போய் பிரேக்கில் விழுந்தது. வண்டி ஆணியடித்த மாதிரி நின்றது.

"அட! என்னடா இது!" அவர் காலை எடுத்து மறுபடி கிளப்பினார்.

"ஐயையோ, இதுல எதுங்க பிரேக்கு?"

டப்! மறுபடி நின்றது. அவர் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அது அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வண்டி சாவகாசமாக அவரைத் தாண்டி எல்லைக்கோட்டைத் தொட்டது.

"அழுகுணி ஆட்டம்! மாப்பிள்ளை, நீயே சொல்லு. இவ கத்தினா என் கால் சும்மா இருக்குமா?"

"அதுவும் நியாயம்தான் மாமா" என்றான் மச்சினன். "இன்னொரு ஆட்டம். அக்கா, நீ வாயைத் திறக்கக் கூடாது."

அவள் இரண்டு குண்டூசியை எடுத்து உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொண்டாள். தையல்காரி வாயில் ஊசி இருந்தால் வீடே இடிந்தாலும் பேச்சு வராது. மாஸ்டரும் விவரமானவர் ஆயிற்றே, இடது காலை மடக்கித் தன் தொடைக்கடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப என்ன பண்ணுவே?"

அவள் ஊசியோடு சிரித்தாள்.

இரண்டாவது ஆட்டம் ஆரம்பித்தது. சத்தமில்லை, பிரேக்கில்லை. மாஸ்டர் அம்பாகப் போனார். ஆனால் ஓரக்கண்ணில் ஏதோ உறுத்தியது. வலது பாதியில் அவள் வண்டி பாதையின் விளிம்பை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. போகட்டும், விழட்டும், நமக்கென்ன என்று அவர் பல்லைக் கடித்தார். வண்டி இன்னும் சரிந்தது. அதைக் கவனிக்காமல் அவள் பாட்டுக்கு ஒரு தொங்கும் கோபுரத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வாத்தியாரால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியும்?

"இடது பக்கம் ஒடி! இடது, இடது! ம்... மெதுவா. பதறாதே."

அவள் ஒடித்தாள்.

"வளைவு வருது பாரு. வந்தப்புறம் திருப்பக் கூடாது, முன்னாடியே திருப்பணும். ஆங்! அப்படித்தான்! இப்ப மிதி!"

"மாமா, உங்க வண்டி..." என்றான் மச்சினன்.

"சும்மா இரு மாப்பிள்ளை! கத்துக்கறவங்க ஓட்டும்போது நடுவுல பேசக் கூடாது!" என்று அதட்டிவிட்டு மாஸ்டர் முழுசாக வலது பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "பாலம் வருது, நடுவுலயே போ. பிரமாதம்! இனி நேர் ரோடு. விடாதே, விடாதே... போ!"

அவள் வண்டி எல்லைக்கோட்டைத் தாண்டியது. மாஸ்டர் சீட்டிலிருந்து துள்ளிக் குதித்தார்.

"பாஸ்! முதல் தடவையிலேயே பாஸ்! என்னமா ஓட்டினே நீ!"

சந்தோஷத்தில் மச்சினன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவன் திரையின் இடது பாதியைக் காட்டினான். அங்கே மாஸ்டரின் வண்டி எப்போதோ சுவரில் மோதிப் புரண்டு, தலைகீழ் நகரத்தில் அது ஒன்று மட்டும் நேராக நின்றுகொண்டிருந்தது.

மாஸ்டர் முகத்தில் அசடு வழிந்தது.

அவள் ஊசிகளை எடுத்துப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். "நீங்கதானே எனக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுத்தீங்க? அப்ப நான் ரோட்டைப் பார்த்ததைவிட உங்க காலைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. நீங்க ரோட்டைப் பார்க்கவே இல்ல, என்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிச் சண்டை போடுவான்? மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே அவரும் மச்சினனுமாக மெஷினைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போய் ஜன்னலோரமாகப் போட்டார்கள். சனி கிரகம் ஹாலுக்குக் குடிபெயர்ந்தது. ஸ்டியரிங்கை சோபாவுக்கு முன்னால் மாட்டுவதற்கு நாலு ஸ்க்ரூ கழற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வெயில் நன்றாக விழும் அந்த ஜன்னலடியில் அவள் புதுக் கோட்டுத் துணியை ஊசிக்கடியில் வைத்தாள். மாஸ்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார். அவள் மெஷினை மிதித்தாள். கோட்டின் கை வளைவு வந்ததும் அது 'ர்ர்ர்ர்' என்று பிய்த்துக்கொண்டு போயிற்று. டப்பென்று மாஸ்டரின் இடது கால் தரையில் ஒரு மிதி மிதித்தது.

"அங்க பிரேக் இல்லீங்க" என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே.