ஏழாவது கட்டத்தில் என்ன எழுதுவது?

“ஏழாவது கட்டத்தைக் காலியா விட்டா அப்படியே திருப்பி அனுப்பிடுறாங்களாம்.”

வரிசையில் முன்னால் நின்ற மான் யாரிடமோ சொன்னது முயல் அல்லியின் காதில் விழுந்தது. அவ்வளவு நீளமான காதில் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இது நடந்தது ஒரு காட்டில். விளையாட்டுப் போட்டிக்கு அன்று மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. நீளம் தாண்டுதலில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் தபால் வேலை. அதற்காக மூன்று வருடமாக ஓடையைத் தாண்டித் தாண்டிப் பழகியிருந்தாள் அல்லி.

ஏழாவது கட்டம், ‘வீரர் வகை’. மான் ‘ஓட்டக்காரர்’ என்று எழுதியது. அல்லி ‘ஜம்பர்’ என்று எழுதினாள்.

கவுண்டரில் இருந்த ஆமை கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “இது காட்டுச் சொல்லே இல்லையேம்மா. நம்ம சொல்லா எழுதணும். சொல்லோட பொருள், பிறப்பு ரெண்டையும் சொல் குழு ஒத்துக்கணும்.”

சொல் குழு என்பது ஆமை, ஆந்தை, கரடி. உடனே கூடிவிட்டார்கள். டீ வரத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

“தாவுநர்,” என்றார் ஆந்தை. “கிளைக்குக் கிளை தாவுறதிலேர்ந்து பிறந்தது.”

“அது குரங்குக்கு மேடம். இவ தாண்டுநர். போட்டி பேரே நீளம் தாண்டுதல்தானே?” என்றார் கரடி.

“போட்டிக்குப் பேர் வச்சது வேற குழு.”

“நின்ன இடத்துலேயே எழும்பி விழுந்தா குதிப்பவர்,” என்றார் ஆமை. “எங்கே பாப்பா, செஞ்சு காட்டு.”

அல்லி செய்து காட்டினாள். பதினோரு தடவை.

“கொஞ்சம் மெதுவாச் செய்ம்மா, கண்ணுல நிக்கல,” என்றார் ஆமை.

“மெதுவாச் செஞ்சிருந்தா தினமும் ஓடைக்குள்ள விழுந்திருப்பேன் ஐயா.”

மணி நாலு ஐம்பத்தைந்து. “முதன்முதல்ல யார் சொன்ன சொல்லுன்னு தெரியாம முடிவெடுக்கக் கூடாது,” என்று ஆந்தை விஷயத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்.

“போட்டி நாளைக்கு மேடம்!”

“போட்டி வருஷா வருஷம் வரும். சொல் ஒரு தடவைதான் பிறக்கும்.”

அல்லி பின்னால் நகர்ந்தாள். ஓடி வந்தாள். கவுண்டருக்கும் மூன்று டீ டம்ளர்களுக்கும் மேலாகப் பறந்து உள்ளே இறங்கினாள்.

“இப்ப செஞ்சது தாவலா, தாண்டலா?” என்று கரடி பரபரத்தார். மூவரும் குனிந்து குறிப்பெழுத ஆரம்பித்தார்கள்.

மேஜையில் இருந்த ‘ஏற்கப்பட்டது’ முத்திரையை எடுத்து, ஏழாவது கட்டம் மறையும்படி தன் விண்ணப்பத்தில் அழுத்திக் குத்தினாள் அல்லி.

நீதி: உங்களுக்குப் பெயர் வைக்கப் பெரியவர்கள் கூடும்போது, முத்திரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.