போகப்போகிறவர்

வெளிநாட்டுக்குப் போனவர்களை உங்களுக்குத் தெரியும். போய்த் திரும்பி வந்து மாடி எழுப்பியவர்களையும் தெரியும். ஆனால் திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் இந்த இரண்டு கூட்டத்தையும் சேர்த்து நிறுத்தினாலும் அதைவிடப் பெரிதாக இருக்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதன் பெயர் போகப்போகிறவர். அவர் இன்னும் போகவில்லை. அதற்காக இங்கே இருக்கிறார் என்றும் சொல்லிவிட முடியாது.

கண்டுபிடிப்பது சுலபம். சித்திரை வெயிலில் கடை கடையாக ஏறி ஸ்வெட்டர் விசாரிப்பவர் அவர்தான். மணி என்ன என்று கேட்டால் நம்மூர் நேரத்தைச் சொல்லிவிட்டு, "அங்க இப்ப சாயங்காலம்" என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். குழாய் ஒழுகினால் மாற்றமாட்டார். பல் வலித்தால் பிடுங்கமாட்டார். எல்லாவற்றையும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார். எந்த அங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மாதத்துக்கு ஒரு முறை நாடு மாறும்.

அகரத்து ஆண்டனிராஜ் இந்த இனத்தில் பழுதில்லாத மாதிரி. வயது முப்பத்தாறு, வேளாண்மையில் பட்டம், கால் ஏக்கரில் பாலித்தீன் கூரை போட்ட பசுமைக்குடில், அதற்குள் வெள்ளரி. பதினோரு வருடமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். முதலாளியே ஸ்பான்சர் செய்யும் விவசாய வேலை என்று தேடித் தேடி, அவர் கைப்பேசிக்கே அது மனப்பாடம் ஆகியிருந்தது. அவர் 'மு' என்று தொட்டால் போதும், மிச்சத்தை அதுவே எழுதிக்கொள்ளும்.

"கூலி வேலைக்கெல்லாம் நான் போறதா இல்ல," என்பார் நாகல் நகரில் சடையாண்டியின் டீக்கடையில் உட்கார்ந்து. "நான் ஸ்கில்டு. மொதலாளியே ஸ்பான்சர் பண்ணி, விசா எடுத்து, மரியாதையாக் கூப்பிடணும்."

"அதுசரி. இப்ப தோட்டத்த யாரு பாக்குறா?" என்பார் சடையாண்டி, டீயை ஆற்றிக்கொண்டே.

"அதான் டெய்சி இருக்கால்ல."

டெய்சி அவர் மனைவி. கன்னியர் பள்ளியில் பிளஸ் டூ வரை படித்தவள். ஆங்கிலம் மெதுவாக, ஆனால் பிசகாமல் பேசுவாள். ஆறு வருடத்துக்கு முன் பசுமைக்குடில் போட்டபோது, "நாந்தான் போகப்போறேனே, எம் பேர்ல எதுக்கு?" என்று எல்லாக் காகிதத்தையும் அவள் பெயரிலேயே எழுதச் செய்தவர் ஆண்டனிராஜ்தான். அன்றிலிருந்து விதை போடுவது, கொடி கட்டுவது, மருந்து கலப்பது, என்றைக்கு எவ்வளவு சூடு இருந்தது என்று நோட்டில் குறிப்பது எல்லாம் டெய்சி. ஆண்டனிராஜ் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டார்.

ஞாயிறு பூசையின் மன்றாட்டில், "அயல்நாடு செல்லவிருக்கும் ஆண்டனிராஜுக்காக" என்று வருடக்கணக்கில் வாசிக்கப்பட்டது. மாற்றலாகி வந்த புதுப் பங்குத்தந்தை, விவரம் தெரியாமல், பூசை முடிந்ததும் வாசலில் நின்ற ஒருவரிடம் கனிவாக விசாரித்தார். "அந்தத் தம்பி நல்லபடியாப் போய்ச் சேந்துட்டாரா?"

வாசலில் நின்றவர் ஆண்டனிராஜ்.

இப்படிப்பட்டவருக்கு நிஜமாகவே ஒரு வேலை வந்தது என்பதுதான் வேடிக்கை. நாகல் நகரில் ஒரு மாடி அறையில் வெளிநாட்டு வேலைகளுக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கும் ஃபாரிஸ் ஒருநாள் கூப்பிட்டான். "அண்ணே, நியூசிலாந்துல கண்ணாடிக்கூடப் பண்ணை. வெள்ளரிதான். உண்மையான எடம், ரெண்டு தடவ சரிபாத்துட்டேன். பண்ணைக்காரரே வீடியோவுல பேசுவாரு. ஆனா ஒண்ணு. சர்டிபிகேட்ட அவரு பாக்கமாட்டாராம். கொடியப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பேசச் சொல்றாரு."

கொடியின் பக்கத்திலா? ஆண்டனிராஜுக்கு அது கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டது. ஆனாலும் குறித்த நாளில் காலை எட்டரைக்கு, கோட்டு மாட்டி, கழுத்துப்பட்டை கட்டி, மூன்று வருடத்தில் முதல் முறையாகத் தம் பசுமைக்குடிலுக்குள் நுழைந்தார். வாசல் கம்பி நெற்றியில் இடித்தது. அதன் உயரம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

டெய்சி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டாள். திரையில் நரைத்த தலையும் மண் ஒட்டிய கையுமாக ஒருவர் வந்தார். சுற்றி வளைக்காமல், இலையில் சிலந்திப்பேன் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வாய் என்று கேட்டார். ஆண்டனிராஜுக்கு இது தெரியாதா? அந்தப் பூச்சியின் லத்தீன் பெயர், குடும்பம், அதற்கு எத்தனை கால், முட்டை பொரிக்க எத்தனை நாள் என்று கல்லூரியில் ஒப்பித்ததை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். பண்ணைக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி. காலையில் உள்ளே வந்ததும் முதலில் எங்கே போய்ப் பார்ப்பாய்?" என்றார்.

ஆண்டனிராஜ் கூரையைப் பார்த்தார்.

கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வியர்வை கழுத்துப்பட்டைக்குள் இறங்கியது. டெய்சி உதட்டைக் கடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? காற்று உள்ளே வருகிற மூலையில் இருக்கும் செடியை, என்றாள் மெதுவாக ஆங்கிலத்தில். இலையின் மேல்பக்கம் ஒன்றும் காட்டாது, திருப்பிப் பார்க்க வேண்டும். கீழே வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்து இலையைத் தட்டினால் தூசி விழும். அந்தத் தூசி நடந்தால் அது பேன்.

பண்ணைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். யார் பேசுவது என்று கேட்டார். கைப்பேசி கை மாறியது. அடுத்த அரைமணி நேரம் அவர் கேட்டதும் டெய்சி சொன்னதும், டெய்சி கேட்டதும் அவர் சிரித்ததுமாகப் போக, கோட்டுப் போட்டவர் கை வலிக்கக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படிப் போச்சு?" என்று கேட்டார் சடையாண்டி.

"நல்லாத்தான் போச்சு. நடுவுல செத்த நேரம் நெட்வொர்க் சரியில்ல."

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. விண்ணப்பத்தில் இருந்தது ஆண்டனிராஜின் மின்னஞ்சல் என்பதால் அவருக்குத்தான் வந்தது. வேலை உண்டு, ஸ்பான்சர் உண்டு, விசாவுக்கான காகிதங்களைத் தாங்களே அனுப்புவதாகவும் இருந்தது. எல்லாம் டெய்சி ஆண்டனிராஜுக்கு.

அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தார். முன்னால் இருக்கும் பெயரை விரலால் மறைத்து வாசித்தால் கடிதம் மிக நன்றாக இருந்தது. பிறகு, யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். இருவரும் ஒரே குடும்பம், அவளுக்குப் பதிலாகத் தாம் வரத் தயார் என்று உயர்ந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். அதற்கு வியாழக்கிழமை ஒரே வரியில் பதில் வந்தது. "டெய்சியிடம் சொல்லிவிட்டீர்களா?"

அழித்துவிடலாம். அழித்தால் யாருக்குத் தெரியும்? விரல் அந்த இடத்தில் போய் நின்றதும் உண்மை. பதினோரு வருடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பண்ணைகள் தமக்குப் பதிலே போடாமல் விட்டதெல்லாம் அப்போது அவருக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து, ஒன்றும் இல்லாமல் மூடியது நினைவு வந்தது. அந்த வேதனை அவருக்கு நன்றாகத் தெரியும். இதே வீட்டில் இன்னொருத்தருக்கு அதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பசுமைக்குடிலுக்குப் போய்க் கைப்பேசியை நீட்டினார். டெய்சி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்தாள்.

"இது எப்ப வந்துச்சுங்க?"

"செவ்வாக்கெழம."

"இன்னைக்கு வெள்ளி."

"ம்."

அவள் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கொடி கட்ட ஆரம்பித்தாள். ஒரு வரிசை முழுக்க முடியும் வரை ஆண்டனிராஜ் பின்னாலேயே நடந்தார். அவள் கண்ணைத் துடைத்ததை அவர் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"நான் போகவா?" என்றாள் கடைசியில்.

"போ டெய்சி." தொங்கிய கொடி ஒன்றைக் கையில் எடுத்தார். "இத எப்புடிக் கட்டணும்னு மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போ."

காகித வேலை ஃபாரிஸுக்குச் சுலபமாக இருந்தது. பசுமைக்குடில் டெய்சி பெயரில், ஆறு வருட நோட்டுகள் டெய்சி கையெழுத்தில். "அக்கா மொதல்ல போகட்டும். நீங்க இந்த மகசூல முடிச்சுட்டுப் பின்னாடி போறதுக்கு மனுப் போடலாம்ணே, டிபெண்டன்ட்னு."

"அப்படின்னா?"

"அவங்கள சார்ந்திருக்கவருன்னு."

சொல்லிவிட்டு ஃபாரிஸ், அண்ணனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டதோ என்று முகத்தைப் பார்த்தான். ஆண்டனிராஜ் யோசித்தார். ஆறு வருடமாக நடந்துகொண்டிருப்பதை அரசாங்கம் இப்போதுதான் கேட்கிறது. "எழுது," என்றார்.

டெய்சி ஆடி மாதம் மதுரையில் விமானம் ஏறினாள். ஆண்டனிராஜ் இப்போது தினமும் காலையில் வெள்ளைத் தாளோடு காற்று வரும் மூலைக்குப் போகிறார். முதல் வாரத்திலேயே இரண்டு வரிசை பட்டுப்போயிற்று. மூன்றாவது வரிசை பிழைத்த அன்று, யாருக்கும் விண்ணப்பம் போடாமல் ஒரு பகல் முழுக்க உள்ளேயே இருந்துவிட்டு, அது தமக்கே தெரியாமல் நடந்ததை எண்ணி ஆச்சரியப்பட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் பாஸ்போர்ட்கூட இல்லை, நியாயம்தான். ஆனால் நீங்கள் சும்மா கொஞ்ச நாளைக்கு என்று சேர்ந்த அந்த அலுவலகத்தில் இது எத்தனையாவது வருடம்? அந்த ஊரில், அந்த நாற்காலியில், ஏன், உங்கள் சொந்த வீட்டிலேயே, மனம் வேறெங்கோ இருக்க நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் வேலையையும் சேர்த்து ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பாரே, இந்த நிமிடம் அவர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தாலும் இருப்பார்.