மண்ணில்லாத் தோட்டமும் கீழ்வீட்டு வக்கீலும்

"ஹால்ல தண்ணி நிக்குது" என்றாள் மனைவி.

"அது தண்ணி இல்ல. ஊட்டக் கரைசல்" என்றார் சர்வேயர்.

"என்னவோ. சோபா காலெல்லாம் நனைஞ்சாச்சு."

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய், ஒழுகும் கூரையையும் ஊறிய சுவரையும் பார்த்து, கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு, 'உரிமையாளரின் அலட்சியம்' என்று எழுதிவிட்டு வருபவர்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மண்ணில்லா விவசாயம் பற்றி ஒரு வீடியோ பார்த்துவிட்டார். அடுத்த வாரமே பால்கனியில் வெள்ளைக் குழாய்கள் ஏறின. குழாயில் வட்ட ஓட்டைகள், ஓட்டைக்குள் சின்னக் கூடை, கூடைக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் லெட்டூஸ் என்கிற சாலட் கீரையின் விதை. கீழே தொட்டியில் உரம் கரைத்த தண்ணீர். மோட்டார் அதை மேலே ஏற்றும். அது வேர்களை நனைத்துவிட்டுத் தொட்டிக்கே திரும்பிவிடும். வீடியோவில் அப்படித்தான் திரும்பியது. இங்கே சோபாவுக்குப் போனது.

"மண்ணுல வளர்த்தா என்னவாம்?" என்று கேட்டாள் மனைவி.

"மண்ணுல பூச்சி இருக்கு, அழுக்கு இருக்கு, நோய் இருக்கு. இதுல எதுவுமே இல்ல."

"செடியும் இல்லையேப்பா" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

ஒழுகிய மூட்டில் பசை வைத்து அடைத்தார். பக்கத்து மூட்டு பிய்த்துக்கொண்டது. மோட்டார் வேகத்தைக் குறைத்தார். மேல் வரிசை நாற்றுகள் காய்ந்தன. கூட்டினார். கீழ் வரிசை நாற்றுகள் கூடையோடு மிதந்து வந்தன.

ஒரு காலை தொட்டிக்குள் பச்சையாக ஏதோ தெரிந்தது. சர்வேயர் நெகிழ்ந்துபோனார். மகள் எட்டிப் பார்த்து, "அது பாசிப்பா" என்றாள்.

தொட்டியில் வெளிச்சம் படக்கூடாதாம். மனைவியின் கறுப்புக் குடையைக் கிழித்துப் போர்த்தினார். அன்று மாலை மனைவி மழையில் நனைந்து வந்தாள். அவள் வந்து நின்ற ஹாலும் நனைந்திருந்தது.

கடைசியில் பால்கனிக் கதவடியில் சிமென்டால் ஓர் அணை கட்டினார். ஹால் காய்ந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அதில் தடுக்கி விழுந்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் தண்ணீர் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்? பால்கனி ஓரத்து விரிசல் வழியாகக் கீழ்வீட்டுப் பால்கனிக்குப் போனது.

கீழ்வீட்டில் இருந்தவர் வக்கீல். நாய் குரைத்ததற்காக எதிர்வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பியவர்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் மாடிப்படியில் அவரே மடக்கினார். "உங்க பால்கனியிலேர்ந்து சொட்டுதே?"

"கொஞ்சமாத்தான் சார்..."

"கொஞ்சமாத்தான். ஆனா நிக்காம சொட்டுது. அதுல என்ன கலக்கறீங்க?"

"கெடுதலான பொருள் எதுவும் இல்ல சார்."

"பேரு என்ன? எந்தக் கடையில வாங்கறீங்க? தினமும் இதே அளவுதானா?"

சர்வேயர் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இதோ வந்துட்டேன்" என்று மேலே ஏறிவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் சொன்னாள்: "கீழ்வீட்டு அங்கிள் காலைல நம்ம பால்கனி சொட்டறதைப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தார்."

"சாட்சி சேர்க்கறான்" என்று உட்கார்ந்துவிட்டார் சர்வேயர். தன்னை மாதிரியே ஒருவன் காப்பி குடிக்க வந்து தன் பால்கனியைப் பார்த்து என்ன எழுதுவான் என்று அவருக்குத் தெரியும்.

அன்றுமுதல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினார். வக்கீல் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் திரும்பி ஏறினார். ஒரு வாரம் ஆபீசுக்குத் தாமதமாகப் போய் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு முடிவெடுத்தார். பிளம்பர் வந்தார். குழாய்களைக் கழற்றினார், விரிசலைப் பூசினார், அணையை உடைத்தார். உடைக்கும்போது அவரும் ஒருமுறை தடுக்கி விழுந்தார்.

மொத்த விளைச்சல் கட்டைவிரல் அளவு லெட்டூஸ் ஒன்று. மூவரும் ஆளுக்கோர் இலை சாப்பிட்டார்கள்.

"தண்ணி மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

"சத்து" என்றார் சர்வேயர்.

மூன்றாம் நாள் மணி அடித்தது. வாசலில் வக்கீலின் மனைவி. முகத்தில் சிரிப்பே இல்லை.

சர்வேயர் முந்திக்கொண்டார். "மன்னிச்சிடுங்கம்மா. எல்லாத்தையும் கழட்டிட்டேன். இனிமே ஒரு சொட்டுகூடக் கீழ வராது. சார்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

"அவர்தான் அனுப்பினார்" என்றாள் அந்த அம்மாள். "உங்க சொட்டுக்கு அடியில மண்தொட்டி வச்சு மூணு மாசமா தக்காளி வளர்த்தோம், கிலோ கிலோவா பறிச்சோம், இப்ப எல்லாம் வாடுது, சொட்டறதை நிறுத்தினதுக்குக் கேஸ் போட முடியுமான்னு புத்தகத்தைப் புரட்டிக்கிட்டிருக்கார்."