ஊரைக் கேட்டு ஊற்றிய எண்ணெய்

இரண்டு கைகள் ஒரு மண்ணெண்ணெய் டின்னுக்குள் மூங்கில் குச்சியை விட்டுக் கலக்கிக்கொண்டிருக்கின்றன. பாயசத்துக்குப் பக்குவம் பார்ப்பதுபோல, அவசரமே இல்லாமல். முதலில் தேன் நிறத்தில் ஒன்று விழுகிறது. அதன்மேல் பச்சை ஓடிய கெட்டியாக ஒன்று. அதன்மேல் தார்போல் கறுப்பாக ஒன்று. பிறகு மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒன்று. கடைசியில் ஒரு பிடி மரத்தூள். குச்சி நிற்கிறது. யாரையாவது விட்டுவிட்டோமா என்று விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குகின்றன. இல்லை, எல்லாரும் வந்துவிட்டார்கள். குச்சி மறுபடி சுற்றுகிறது.

வாசகரே, இந்தக் கைகளுக்கு உரியவர் 'யோசனை கேட்பவர்' என்னும் இனத்தைச் சேர்ந்தவர். எல்லாம் தெரிந்தவர் என்று இன்னோர் இனம் உண்டு. அவரைக் கேலி செய்யாத வாயே ராயபுரத்தில் கிடையாது. ஆனால் கேட்பதற்கு ஒருவர் இல்லையென்றால் சொல்கிறவர் யாரிடம் போய்ச் சொல்வார்? சுவரிடமா? அவரை வளர்த்து ஆளாக்குகிற இவரைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரி எழுதவில்லை. பெரிய அநியாயம்.

யோசனை கேட்பவரை அடையாளம் காண்பது எளிது. குடை வாங்கப் போனால் கடைக்காரரைக் கேட்பார், கடைக்கு வந்திருக்கும் மற்றவரைக் கேட்பார், வெளியே மழைக்கு ஒதுங்கி நிற்பவரையும் நனைந்துகொண்டே கேட்பார். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் இங்கிலீஷ் டாக்டர், நாட்டு வைத்தியர், தர்கா வாசலில் மந்திரிக்கிறவர் மூவரையும் பார்ப்பார்; மூவர் மனமும் நோகாதபடி மாத்திரை, கஷாயம், தாயத்து மூன்றையும் போடுவார். பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் மூவரிடமும் தனித்தனியாகப் போய், "உன் கைராசிதான்" என்பார். இவரிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது: "உன்னை கேக்காம நான் வேற யாரை கேக்கப் போறேன்?" இதற்கு மயங்காத மனிதன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

நம்முடையவர் பெயர் தண்டபாணி. யுத்தம் முடிந்து, பட்டாளத்துச் சாமான்களை ஆவடியில் ஏலம்விட்ட நாளில் ஒரு லாரி எடுத்தார். சாதாரண லாரி அன்று. மற்ற லாரிகளில் பின்சக்கரம் ஒன்று சேற்றில் மாட்டினால் அது மட்டும் வெறுமனே சுழலும். மற்றது நின்று வேடிக்கை பார்க்கும். இந்த லாரியில், பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போலத் தொங்கும் இரும்புக் கூட்டுக்குள், பல்லோடு பல் கடித்துக்கொள்ளும் ஒரு பூட்டு உண்டு. அது இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்து உழைக்க வைக்கும். வண்டி திரும்பும்போது மட்டும் பிடி விட்டுவிட்டுப் பிடிக்கும்; அப்போது "டக், டக்" என்று ஒரு சத்தம் வரும்.

இந்தப் பூட்டை நம்பித்தான் எண்ணூர் உப்பளத்தில் பச்சையம்மா அவரிடம் வேலையை ஒப்படைத்திருந்தார். பச்சையம்மாவும் அவரோடு வேலை செய்யும் பெண்களும் கோடையெல்லாம் வாரிக் குவித்த உப்பு வரப்பின்மேல் கிடந்தது. மழை இறங்குமுன் சேற்றைத் தாண்டி அது ரயிலடிக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால்தான் கூலி. மழை முந்திக்கொண்டால் உப்பு, வந்த வழியே கடலுக்குத் திரும்பிவிடும்.

வானம் வடகிழக்கே கறுத்துக்கொண்டிருந்தது. தண்டபாணியின் காதிலோ "டக், டக்" மட்டுமே விழுந்தது. உடனே கல்மண்டபத்துப் பட்டறைக்கு வந்தார்.

"ஜெயவேலு, வண்டி திரும்பசொல்ல டக் டக்குங்குதுப்பா. உன்னை கேக்காம நான் வேற யாரை..."

"அது அப்பிடித்தான் டக்குங்கும். கூட்டு மேல அடிச்ச தகட்டுல இன்னா எழுதிக்கீது?"

"தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலுன்னு கீது."

"அத்த ஊத்து. வேற ஒண்ணியும் ஊத்தாத. சத்தம் வந்துகினேதான் இருக்கும், காதுல பஞ்ச வெச்சுக்கோ."

மேஸ்திரி ஜெயவேல் நல்ல கைக்காரர், கெட்ட வாய்க்காரர். விளக்கிச் சொல்வது அவருக்கு ஆகாது. "நீ சொன்னா சரிதாம்பா" என்று தண்டபாணி தொண்ணூறாம் நம்பரை வாங்கிக்கொண்டுதான் போனார். ஆனால் ஒரே வரியில் கிடைக்கிற யோசனைக்கு இந்த இனத்தாரிடம் மதிப்பு ஏது? தெருமுனை திரும்புமுன் சந்தேகம் வந்துவிட்டது. தகடு அடித்தவன் எண்ணூர்ச் சேற்றைக் கண்டானா?

நம் வட்டாரத்தில் வேலைக்குப் போகிற யாரும் ஏதாவதோர் எண்ணெய் வாசம் இல்லாமல் வீடு திரும்புவதில்லை. தம்முடைய இயந்திரத்துக்கு ஒத்துவந்த எண்ணெய் உலகத்துக்கே ஒத்துவரும் என்பது அவரவர் மதம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் யேசுதாஸைக் கேட்டபோது அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"மாமு, உப்புக் காத்துல எங்க கிரேனு ராவும் பகலும் நிக்குது. ஒரு முனகல் உண்டா? அந்த எண்ணெய ஊத்து. உன் வண்டி கம்முனு கெடக்கும்."

வியாசர்பாடி ராசையா ரயில் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவர். தார்போன்ற சரக்கு அவருடையது. "நூறு வண்டிய இழுக்கிற இன்ஜினே இத்த குடிச்சுட்டு ஓடுது அண்ணாத்தே. உன் டப்பா லாரி இன்னா, அதுக்கு மேலயா?"

மீன் வாங்கப் போன இடத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. கூடைக்காரி பட்டம்மாள் ஒரு கணம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சுறா எண்ணெய் ஊத்து நைனா. எங்க வூட்டுக்காரரு படவுக்கு அத்தத்தான் பூசறாரு. கடலே ஒண்ணியும் பண்ணல, சேறு இன்னா பண்ணிடும்?"

அவள் சிரிப்புக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்பது இன்றுவரை விளங்கவில்லை. தண்டபாணி மறுநாள் காலையில் புட்டியோடு போய் நின்றார். மரத்தூளுக்கு உரிமையாளர் மச்சான்; மரவாடியில் வேலை. "சத்தம் வந்தா தூளு போடணும் மாமா, சத்தத்தை அது உறிஞ்சிக்கும்" என்றான். அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

ஒருவர் எண்ணெயை ஊற்றினால் மற்றவர் முகத்தில் எப்படி விழிப்பது? மனிதர்களைக் கலந்து பேசலாம் என்றால் எண்ணெய்களைக் கலந்து ஊற்றக் கூடாதா? அப்படித்தான் அந்த மண்ணெண்ணெய் டின் வந்தது.

கலவை கூட்டுக்குள் இறங்கியதும் சத்தம் நின்றுவிட்டது! அதுதான் கொடுமை. தண்டபாணி லாரியை ஊர்வலம் விட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் மௌனம். யேசுதாஸைக் கண்டு நிறுத்தி, "எல்லாம் உன் எண்ணெய்தான் மாமு" என்றார். ராசையாவிடமும் அதையே சொன்னார். பட்டம்மாளிடம் சற்றுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஊரே சந்தோஷப்பட்டது. கூட்டிலிருந்து கசிந்த சொட்டுகளை முகர்ந்துகொண்டு பூனைகள் சில பின்னாலேயே நடந்தன. அவையும் சந்தோஷமாகத்தான் இருந்தன.

எண்ணூரில் முதல் பாரம் ஏறியது. வரப்பிலிருந்து இறங்கிச் சேற்றில் நாலு முழம் போனதும் இடப்பக்கத்துச் சக்கரம் வெறுமனே சுழன்றது. வலப்பக்கத்துச் சக்கரம் கெட்டித் தரையில் ராஜாபோல் நின்றுகொண்டிருந்தது. உள்ளே பூட்டு, ஊர் யோசனையில் ஊறி, பல் கடிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"இன்னாய்யா, பட்டாளத்து வண்டி, மலையே ஏறும்னியே?" என்றார் பச்சையம்மா.

"ஏறும்க்கா, ஏறும். இப்ப இன்னா பண்ணலாம்? உன்னை கேக்காம நான் வேற..."

"மானம் கறுக்குது பாருய்யா! எறங்கி தள்ளு!"

இறங்கினார். ஆனால் சுற்றி அத்தனை பேர் நிற்கும்போது கேட்காமல் எப்படி இருப்பது? ஒருவர் பாரத்தைக் குறை என்றார். இன்னொருவர் பாரம் போதாமல்தான் சக்கரம் வழுக்குகிறது, இன்னும் ஏற்று என்றார். தண்டபாணி இருவரையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பக்கம் மூட்டை இறங்கிற்று, மறுபக்கம் ஏறிற்று. அவ்வளவில் மழையின் முதல் சொட்டு விழுந்தது.

பெண்கள் ஓடினார்கள். பனையோலையைப் போட்டு, மேலே கல்லை வைத்து, குவியலை முடிந்தவரை மூடினார்கள். மூடாமல் போன ஓரம் வெள்ளையாகக் கரைந்து, வாய்க்காலை நோக்கி ஓடிற்று. பச்சையம்மா ஈரப் புடவையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தண்டபாணிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் மாடு கட்டி இழுத்து ரோட்டில் ஏற்றிய லாரி, தட்டுத் தடுமாறிப் பட்டறைக்கு வந்தது. முன் ஸீட்டில் பச்சையம்மாவும் வந்தார். ஜெயவேல் கூட்டின் அடியில் எண்ணெய் வடிக்கும் மரையைக் கழற்றினார். எதுவும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். பிறகு வந்தது.

"இன்னாடா இது, மீன் கொயம்பா?"

"ஊருல நாலு பேரு சொன்னாங்கப்பா..."

"நாலு பேரும் வந்து நக்கட்டும்!"

கெட்டிச் சரக்கு, வடிய நேரமாகும். அதுவரை சும்மா இருப்பானேன்? வாசகரே, உங்களைக் கொஞ்சம் பார்ப்போம். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டுதானே வந்தீர்கள்? பெண்ணுக்கு வரன் பார்த்தபோது, மனத்துக்குள் முடிவு செய்துவிட்ட பிறகும் மாடி வீட்டுக்காரரைப் போய்க் கேட்டீர்களே, எதற்கு? யோசனைக்கா? நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால், "அவர்தான் சொன்னார்" என்று காட்ட விரல் நீட்டும் தூரத்தில் ஓர் ஆள் வேண்டாமா? யோசனை கேட்பவர் தேடுவது வழியை என்று நாம் நினைக்கிறோம். அவர் தேடுவது, தோற்றால் உடன்நின்று பங்கு வாங்கிக்கொள்ள ஆள்களை. நான் சொல்வதை நம்ப வேண்டாம். இந்தப் பக்கத்தை அருகில் இருப்பவரிடம் காட்டி, "இது சரியா?" என்று கேட்டுப் பாருங்கள். காட்டிவிட்டீர்களா? அப்படியென்றால் சரிதான்.

வடிந்துவிட்டது. ஜெயவேல் கூட்டை மண்ணெண்ணெயால் மூன்று தடவை கழுவினார். ஒவ்வொரு பல்லாகத் துணி விட்டுத் துடைத்தார். ஒட்டியிருந்த மரத்தூளை ஊசியால் நோண்டி எடுத்தார். பிறகு தொண்ணூறாம் நம்பரை, மேல் துளையின் விளிம்பில் ததும்பும்வரை ஊற்றி, மரையை முடுக்கினார். பட்டறை வாசலில் ஒரு வட்டம் அடித்துக் காட்டினார். டக், டக். பச்சையம்மா ஸீட்டைவிட்டு இறங்கவே இல்லை. மழை விட்டிருந்தது. ஓலைக்கடியில் பெரும்பங்கு உப்பு இன்னும் கிடந்தது. அடுத்த மழை கடல்மேல் தயாராக நின்றது.

ஜெயவேல் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டு, இன்ஜினைக் கிளப்ப முன்னால் போட்டுச் சுற்றும் இரும்பு ஹேண்டிலை எடுத்து நீட்டினார். தண்டபாணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒருமுறை வானத்தைப் பார்த்தார். பிறகு பச்சையம்மாவைப் பார்த்தார்.

"போலாமாக்கா?"

"கேக்காத," என்றார் பச்சையம்மா. "சுத்து."