கார் இல்லாத ஒரு சீட்

ஸ்கேனர் மறுபடியும் சிவப்பு காட்டியது.

"இந்த சீட்டுக்கு ஸ்டிக்கர் இல்ல சார். சாயங்காலத்துக்குள்ள ஒட்டி, கம்ப்யூட்டர்ல ஏத்தலேன்னா நேரா அரவை மெஷினுக்குப் போயிடும்" என்றாள் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்.

மேஸ்திரி சீட்டை மறைத்துக்கொண்டு நின்றார். பழைய கார்களைப் பிரித்து, தேறும் பாகங்களைக் கொண்டே மறுபடி கார் பண்ணும் தொழிற்சாலை அது. பிரிக்கும் கொட்டகைக்கு அவர்தான் ராஜா. அவருடைய சிம்மாசனம் இந்த டிரைவர் சீட்.

அது அவருடைய சொந்தக் காரில் இருந்தது. "வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கிற இந்த ஓட்டை வண்டியைத் தொலைச்சுக் கட்டுங்க" என்று மனைவி ஆறு மாதம் அரித்தெடுத்ததில், தன் கையாலேயே அதைப் பிரித்துப் போட்டார். சீட்டை மட்டும் போட மனசு வரவில்லை. அதன் கிழிசலை மனைவி தைத்திருந்தாள், கறுப்பு நூல் தீர்ந்துபோன ஒரு நாளில், பச்சை நூலால். அந்தத் தையலில் முதுகைச் சாய்த்தே பதினோரு வருடம் வண்டி ஓட்டியவர் அவர். சீட் இங்கே இருப்பதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை.

"ஸ்டிக்கர்தானே? ஒட்டிட்டாப் போச்சு!"

ஒட்டினார். 'எந்தக் காரின் சீட்?' என்று கேட்டது கம்ப்யூட்டர்.

"ஏதாவது ஒரு காரைப் போட்டு வையும்மா."

"இல்லாத காரையா சார்?"

"யாரு வந்து பாக்கப் போறா?"

போட்டாள். 'எஞ்சின் எங்கே?' என்றது. எஞ்சினைக் கொடுத்தால் சக்கரம் கேட்டது, சக்கரத்தைக் கொடுத்தால் கதவு கேட்டது. அவருடைய மாமனார்கூடப் பெண் கொடுக்கும்போது இத்தனை கேள்வி கேட்கவில்லை. மதியத்துக்குள் திரையில் ஒரு முழுக் கார் நின்றது.

"படம் வேணுமாம் சார்."

இருந்ததோ சீட் ஒன்றுதான். அதையே படம் பிடித்துப் போட்டார்கள். சிவப்பு அணைந்தது. மேஸ்திரி பெருமூச்சு விட்டார்.

"சார்..." பெண்ணின் குரல் இறங்கியிருந்தது. "சீட்டு தப்பிச்சிடுச்சு. ஆனா கம்ப்யூட்டர் அந்தக் காரை விற்பனைக்குப் போட்டு, ஊர்ல எல்லார் போனுக்கும் தகவல் அனுப்பிடுச்சு."

"அய்யய்யோ, எடுத்துடும்மா!"

"எடுக்க முடியல. யாரோ புக் பண்ணிட்டாங்க. இன்னிக்கே வர்றாங்களாம்."

மேஸ்திரி தொப்பென்று சீட்டிலேயே உட்கார்ந்தார். இல்லாத காரை விற்றவனை வேலையில் வைத்துக்கொள்வார்களா? துள்ளி எழுந்தார். இரண்டு சக்கரத்தை உருட்டி, ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வந்து சீட்டைச் சுற்றி நிறுத்திப் பார்த்தார். தூரத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் கார்தான்.

அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்த வாட்ச்மேன் ஓடி வந்தார். "சார், கார் புக் பண்ண அம்மா கேட்ல நிக்கிறாங்க."

"கார் இன்னும் தயாராகலைன்னு சொல்லுய்யா!"

"சொல்லிட்டேன் சார். கார் வேணாமாம், அந்த சீட்டு மட்டும் போதுமாம், பச்சைத் தையல் அவங்க போட்டதாம். ஆனா இங்க வேலை பாக்குற அவங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியக் கூடாதாம். வண்டியைத் தொலைக்கச் சொன்னதே அவங்கதானாம்."